வெள்ளம் வந்தால் சபை யாரை முதலில் தேடிப் போக வேண்டும்?

தம்பி, உங்கள் கேள்வி நீளமானது. படிக்கிற மற்றவர்களுக்காக அதைச் சுருக்கி வைத்துவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து லாபிஸில் ஒரு சின்னத் தமிழ்ச் சபை. நீங்கள் அதன் வாலிபர் சங்கச் செயலாளர். மழைக்காலம் தொடங்குவதற்குள் வெள்ள உதவிக்கு ஓர் ஏற்பாடு செய்து வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்செடுத்தீர்கள். ஒரு பெரியவர் கலாத்தியர் 6:10-ஐ வாசித்து, “முதலில் நம் விசுவாசிகள், மிச்சம் இருந்தால் மற்றவர்கள்” என்றார். இன்னொருவர், அரிசிப் பையில் ஒரு கைப்பிரதியும் வைக்காவிட்டால் நமக்கும் வெல்ஃபேருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். மூன்றாமவர், செம்பனைத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிற பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்கள் பக்கமே போக வேண்டாம், வீண் வம்பு என்றார். இதில் எது கிறிஸ்தவ அன்பு என்பது உங்கள் கேள்வி.

நான் இறையியல் படித்தவள் இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். மாதர் சங்கத்தில் வேதபாடம் எடுக்கிறவள். 2006 டிசம்பரில் தொடங்கி 2007 ஜனவரியில் மறுபடியும் அடித்த ஜொகூர் வெள்ளத்திலும், 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட், குளுவாங் எல்லாம் மூழ்கி மாநிலத்தில் 50,000 பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறியபோதும் துயர் துடைப்பு மையங்களில் வேலை பார்த்திருக்கிறேன். வேதம் சொல்வதையும் அங்கே கண்டதையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

பெரியவர் காட்டிய வசனத்திலிருந்தே தொடங்குவோம். “ஆகையால் நமக்குக் கிடைக்கும் சமயத்துக்குத்தக்கதாக, யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும், நன்மைசெய்யக்கடவோம்.” நம் சபையில் இந்த வசனத்தின் பின்பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் நிறைய பேர். ஆனால் இதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொள்கிறார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரை முகத்துக்கு நேராகக் கண்டிக்கிறார். ஒரே பந்தியில் உட்காரக் கூசியவர்களை ஒரே வீட்டார் ஆக்குவதற்காக எழுதப்பட்ட நிருபம் இது. “விசுவாச குடும்பம்” என்று பவுல் சொல்லும்போது நம் சபையின் அங்கத்தினர் பதிவேட்டை மனதில் வைத்துச் சொல்லியிருக்க முடியாது. நம்ம ஆளு, அவங்க ஆளு என்று தோட்டத்துக் காலத்திலிருந்து நாம் தூக்கிக்கொண்டு வந்த கணக்குகளை அவர் கேட்டால் பேதுருவுக்குக் கிடைத்ததுதான் நமக்கும் கிடைக்கும்.

அந்தக் கலாத்தியாவைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. பவுல் எழுதி ஏறக்குறைய 300 ஆண்டுகள் கழித்து, 362 வாக்கில், ரோமப் பேரரசன் ஜூலியன் அதே கலாத்தியாவின் தலைமைப் பூசாரி அர்சாக்கியஸுக்கு ஒரு கடிதம் எழுதினான். சோசமன் என்ற பழைய வரலாற்றாசிரியர் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார். ஜூலியன் கிறிஸ்தவத்தை விட்டுப் பழைய தெய்வங்களிடம் திரும்பியவன். கிறிஸ்தவர்களைக் கண்டால் ஆகாது. அவனுடைய ஆதங்கம் இதுதான்: இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளைப் பார்ப்பதோடு நில்லாமல் நம்முடைய ஏழைகளையும் பார்க்கிறார்கள், இது நமக்கு வெட்கக்கேடு, அந்நியருக்கு அவர்கள் காட்டும் தயவாலும், செத்தவர்களை அடக்கம் பண்ணுவதில் காட்டும் அக்கறையாலும்தான் அவர்கள் மார்க்கம் வளர்கிறது. ஊருக்கு ஊர் வழிப்போக்கர் விடுதிகள் கட்டு என்று பூசாரிக்குக் கட்டளையும் போட்டான். கலாத்தியச் சபைகள் அந்த வசனத்தை எப்படிப் புரிந்துகொண்டன என்பதற்கு, அவர்களைப் பிடிக்காதவன் எழுதிய சாட்சியைவிட வேறு என்ன வேண்டும்?

சரி, விசுவாசிகளைப் பார்க்க வேண்டாமா என்றால், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குக் கமிட்டி போட்டுத் தீர்மானம் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீர் ஏறிய முதல் ஒரு மணி நேரத்தில் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யார் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர், யார் மாமியாரைத் தூக்க வேண்டும் என்பது எல்லாம் வந்துவிடும். பாஸ்டர் போன் செய்வார், செல் குரூப் ஆள் அனுப்பும். அவர்களுக்குக் கூப்பிட ஆள் இருக்கிறது. திட்டம் போட வேண்டியது கூப்பிட ஆள் இல்லாதவர்களுக்கு.

அவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் பட்டியலில் பெயர் ஏறாதவர்கள். வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடமோ டேவானோ (பொது மண்டபம்) பி.பி.எஸ். என்ற தற்காலிகத் துயர் துடைப்பு மையம் ஆகிறது. கெபாஜிக்கான் (சமூகநல இலாகா) அதிகாரிகள் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, பார்த்துப் பெயர் எழுதுகிறார்கள். பாய், போர்வை, மூன்று வேளைச் சாப்பாடு கிடைக்கும். பிறகு வாங் இஹ்சான் என்ற அரசாங்க உதவித்தொகை குடும்பத் தலைவர் பெயரில் வரும். அது குடிமக்களுக்கான பணம். குறை சொல்லவில்லை, அவ்வளவு கூட்டத்தைப் பட்டியல் இல்லாமல் சமாளிக்க முடியாது. ஆனால் பட்டியல் என்று ஒன்று இருந்தால் அதற்கு வெளியே விழுகிறவர்களும் இருப்பார்கள்.

நம் ஆட்களிலேயே விழுகிறவர்கள் உண்டு. இந்த மண்ணிலேயே பிறந்து, பால் மரம் வெட்டிக் கை காய்த்து, இன்றைக்கும் குடியுரிமை கிடைக்காமல் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி வைத்திருக்கிற பாட்டிமார்கள். லயத்தில் பிரசவமாகி, பிறப்புப் பத்திரம் எடுக்காமலே விட்டு, இப்போது பேரப்பிள்ளைகள் வரைக்கும் அந்தச் சிக்கல் இறங்கியிருக்கிற குடும்பங்கள். தோட்டம் துண்டாடப்பட்டோ செம்பனைக்கு மாறியோ வெளியேறி, ஆற்றோரப் புறம்போக்கில் பலகை வீடு கட்டியவர்கள். மாட்டையும் ஆட்டையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று கூரைக்குக் கீழே தண்ணீர் நிற்கும்வரை உட்கார்ந்திருக்கிற தாத்தாக்கள். இவர்களை மையத்துக்கு அழைத்துப் போக ஒரு மாட்டுக்கொட்டகைக்கு மேட்டு நிலம் ஏற்பாடு செய்தாலே போதும் என்பது பல உதவிக் குழுக்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் வளர்ந்தவனுக்குத் தெரியும். பெக்கோக் பக்கம் போனால் ஜக்குன் மக்களின் ஒராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமங்கள் இருக்கின்றன. பாதை அறுந்துவிட்டால் லோரி அங்கே போகாது.

அதற்கும் அப்பால் இருப்பவர்கள்தான் உங்கள் மூன்றாமவர் போக வேண்டாம் என்றவர்கள். இன்றைக்குச் செம்பனைக் குலை வெட்டுகிறவர் யார்? நம் தாத்தா குடியிருந்த அதே லயத்தில், அதே ஒற்றை அறையில், அதே கூரைக்குக் கீழே இந்தோனேசியரும் பங்களாதேஷியும் இருக்கிறார்கள். சிலருக்குப் பெர்மிட் உண்டு. சிலருக்கு முதலாளி புதுப்பிக்காமல் காலாவதியாகிவிட்டது. சிலருக்கு எதுவுமே இல்லை. பி.பி.எஸ்.ஸில் சீருடை போட்டவர்களைப் பார்த்தாலே திரும்பிப் போய்விடுவார்கள். மரத்தடியில், மேட்டுப் பாதையில், லோரிக்கு அடியில் படுத்திருப்பார்கள்.

உபாகமம் 10-ஐ நான் வேதபாடத்தில் எடுக்கும்போதெல்லாம் எங்கள் வகுப்பு அமைதியாகிவிடும். தேவன் “அந்நியன்மேல் அன்புவைத்து அவனுக்கு அன்னவஸ்திரம் கொடுக்கிறவருமாய் இருக்கிறார். நீங்களும் எகிப்து தேசத்தில் அந்நியராயிருந்தபடியால், அந்நியரைச் சிநேகிப்பீர்களாக.” இஸ்ரவேலுக்கு எகிப்து, நமக்கு இந்த லயம். கங்காணி கூட்டி வந்து, கப்பலிலிருந்து இறக்கி, தனிமை முகாமில் வைத்து, பிறகு லோரியில் ஏற்றித் தோட்டத்தில் விடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, குடியுரிமை இல்லாத காரணத்தால் பல்லாயிரம் தமிழர் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். காகிதம் இல்லாதவன் படுகிற பாடு நம் வீட்டுக் கதை. அதைக் கேட்டு வளர்ந்த ஒருவர் “அந்நியத் தொழிலாளி பக்கம் போகாதே” என்று சபைக் கமிட்டியில் சொல்வது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அவர் பயம் பொய் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆவணம் இல்லாதவருக்குத் தங்க இடம் கொடுப்பது நம் குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். ஆகவே சபை மண்டபத்தில் கொண்டுவந்து படுக்க வைக்காதீர்கள். சாப்பாடு, குடிநீர், மருந்து, தார்ப்பாய் ஆகியவற்றை அவர்கள் இருக்கிற இடத்துக்கு எடுத்துப் போங்கள். போவதற்கு முன் தோட்ட நிர்வாகியிடமோ மண்டோரிடமோ (மேற்பார்வையாளர்) சொல்லிவிடுங்கள். நிர்வாகிக்கும் அது நிம்மதிதான். வேலையாட்கள் பசியோடு கலைந்து போனால் அடுத்த மாதம் குலை வெட்ட ஆள் கிடையாது. அன்பு காட்டுகிறோம் என்று சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் அடி வாங்குவது நாம் இல்லை, அந்தத் தொழிலாளி.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உதவி என்றாலே நாம் கொடுப்பவர்கள், அவர்கள் வாங்குபவர்கள் என்ற நினைப்பில்தான் நம் கமிட்டிகள் பேசுகின்றன. அப்போஸ்தலர் 27, 28-இல் பவுல் இருந்த கப்பல் உடைந்து, 276 பேர் நீந்தியும் பலகையைப் பிடித்துக்கொண்டும் மெலித்தா தீவில் கரை ஏறுகிறார்கள். அந்தத் தீவார் கிறிஸ்துவின் பெயரையே கேள்விப்படாதவர்கள். “அந்நியராகிய அந்தத் தீவார் எங்களுக்குப் பாராட்டின அன்பு கொஞ்சமல்ல” என்று லூக்கா எழுதுகிறார். மழைக்காகவும் குளிருக்காகவும் நெருப்பை மூட்டி எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்களாம். மழையில் நனைந்த அந்நியனாக அங்கே நின்றது ஓர் அப்போஸ்தலன். பவுலும் சும்மா உட்காரவில்லை, விறகு பொறுக்கப் போனார். அதனால்தான் பாம்பு கடித்தது. நம் ஊரிலும் தண்ணீர் ஏறிய இரவுகளில் தமிழ்க் குடும்பங்களைப் படகில் ஏற்றியவர்களில் கம்போங் மலாய் இளைஞர்கள் நிறைய பேர். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது பெட்டாலிங் ஜெயா சீக்கியர் குருத்வாராவில் ஆயிரக்கணக்கான சாப்பாட்டுப் பொட்டலங்கள் தயாராயின. வாங்கிச் சாப்பிட்டவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், ஊரடங்கில் சாப்பாடு இல்லாதவர்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டியபோது அக்கம்பக்கத்தார் மதம் கேட்காமல் அரிசி கொண்டுபோய் வைத்தார்கள். நாம் ஒரு பெரிய வரிசையில் ஓரிடத்தில் நிற்கிறோம், அவ்வளவுதான். ஆகவே தனியாக ஒரு பெயர்ப்பலகை போட்டுக்கொண்டு இறங்குவதைவிட, ஏற்கனவே அனுபவம் உள்ளவர்களோடு சேருங்கள். கத்தோலிக்கர்களுக்குக் காரித்தாஸும் வின்சென்ட் தே பவுல் சபையும் இருக்கின்றன. சால்வேஷன் ஆர்மி இருக்கிறது. பேரிடர் உதவிக்குச் சபைத் தொண்டர்களைப் பழக்குகிற கிரெஸ்ட் மலேசியா இருக்கிறது. பிகாப் வண்டி வைத்திருக்கிற கோயில் இளைஞர் மன்றத்துப் பையன்களையும் கூப்பிடுங்கள். நம் பையன்களைவிட அவர்களுக்கு ஆற்றோரக் குறுக்குப்பாதை நன்றாகத் தெரியும்.

இனி கைப்பிரதி. கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்கிற வாஞ்சை. ஆனால் வெள்ளத்தில் நிற்கிறவன் கையில் அரிசியோடு கைப்பிரதியையும் கொடுப்பது ஆலோங் என்ற கந்துவட்டிக்காரன் கடன் கொடுக்கிற மாதிரி. வாங்கும்போது எதுவும் கேட்கமாட்டான். மறுக்க முடியாத நேரத்தில் கொடுத்தது என்பது பிறகுதான் உறைக்கும். நம்மைப் பற்றித் தோட்டத்தில் பழைய பேச்சு ஒன்று உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும்: “அரிசி மூட்டைக்கு மதம் மாறினவங்க.” அந்தப் பேச்சு உண்மையோ பொய்யோ, அதை உண்மையாக்குகிற வேலையை நாமே செய்ய வேண்டுமா?

லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள். பத்துப் பேரும் சுத்தமானார்கள். ஒருவன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான், அவனும் சமாரியன். “மற்ற ஒன்பதுபேர் எங்கே” என்று இயேசு கேட்டார். கேட்டாரே தவிர, அந்த ஒன்பது பேருக்குக் கொடுத்த சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வராத ஒன்பது பேரும் சுகத்தோடுதான் வீட்டுக்குப் போனார்கள். நம் பொட்டலம் வாங்குகிற பத்துப் பேரில் பத்துப் பேருமே நம் சபை வாசல் மிதிக்காமல் போகலாம். அதற்குச் சம்மதமா என்று கமிட்டி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கார்த்தேஜ் நகரத்துப் பேராயர் சிப்ரியானைப் பற்றியும் சொல்கிறேன். 250-இல் தெசியு ராயன் காலத்துத் துன்புறுத்தலில் கிறிஸ்தவர்கள் அக்கம்பக்கத்தார் கையாலேயே வதைபட்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அதே ஊரில் கொள்ளைநோய். தெருவில் பிணம். சொந்தக்காரனே சொந்தக்காரனை வெளியே தள்ளுகிறான். அப்போது சிப்ரியான் சபையைக் கூட்டி, நம்மவரை மட்டும் கவனிப்பதில் என்ன பெருமை, நம்மைத் துன்புறுத்தியவர்களையும் கவனியுங்கள் என்று ஏவினார் என அவருடைய உதவிக்காரர் பொந்தியு எழுதி வைத்திருக்கிறார். பணம் உள்ளவர் பணம் கொடுத்தார்கள், இல்லாதவர் உடல் உழைப்பைக் கொடுத்தார்கள். 258-இல் சிப்ரியானையே ரோம அரசு வெட்டிக் கொன்றது. உதவி செய்ததற்குப் பலனாக அவருக்குக் கிடைத்தது அது. அதற்காக யாரும் அந்த உதவி வீண் என்று சொல்லவில்லை.

சட்டமும் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தருகிறது. ஜொகூரிலும் அப்படிப்பட்ட சட்டம் உண்டு. வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் மலாய்க்காரர்கள் இருக்கும் இடத்தில் ஒரு கைப்பிரதி போதும், அடுத்த முறை எந்தச் சபையின் வண்டியையும் உள்ளே விடமாட்டார்கள். யாராவது “நீங்க ஏன் வந்தீங்க?” என்று வாய் திறந்து கேட்டால், கேட்டவருக்கு நேர்மையாக, சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள், நாங்கள் இந்த ஊர்ச் சபைக்காரர்கள், பக்கத்தில் இருக்கிறோம் என்று. கேட்காதவரிடம் போகாதீர்கள்.

வெல்ஃபேருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விக்கு என் பதில் கைப்பிரதியில் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு வரும் மூன்றாவது வாரத்தில் இருக்கிறது.

நல்ல சமாரியன் கதையை நாம் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததோடு நிறுத்திவிடுகிறோம். அவன் காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், இராமுழுதும் இருந்தான், மறுநாள் இரண்டு பணம் எடுத்துச் சத்திரக்காரனிடம் கொடுத்தான். பிறகு சொன்னதைக் கவனியுங்கள்: அதிகமாக ஏதாவது செலவானால் “நான் திரும்பிவரும்போது” தருவேன். திரும்பி வருகிறேன் என்றவன் அவன். அடிபட்டவனின் பெயர் கதையில் இல்லை. அவன் நன்றி சொன்னதாகவும் இல்லை.

நம் ஊரில் வெள்ளம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் மெகி மீயும் பழைய துணியும் மலை மாதிரி குவிகின்றன. அடுப்பே இல்லாதவனுக்கு மெகி எதற்கு? பழைய துணி பாதி கிழிசல். கடைசியில் நனைந்து பள்ளி வராந்தாவில் நாறும், அதை அள்ளிப்போட இன்னொரு லோரி தேவைப்படும். மாதவிடாய்ப் பஞ்சு, முதியவர்களுக்கு டயாப்பர், கைக்குழந்தைப் பால்மாவு, சர்க்கரை நோய் மாத்திரை, உள்ளாடை ஆகியவைதான் முதல் நாள் பற்றாக்குறை, அதைக் கேட்க ஆண்களுக்கு வாய் வராது. வாலிபர் சங்கத்தில் பெண் பிள்ளைகளைப் பெயர் எழுதும் வேலையில் உட்கார வையுங்கள்.

தண்ணீர் வடிந்ததும் ஆட்கள் வடிந்துவிடுவார்கள். வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு. மெத்தை, சோஃபா, ஃப்ரிட்ஜ் எல்லாம் வாசலில். நமக்குத் தேவை அப்போதுதான்: வாட்டர் ஜெட், மண்வெட்டி, குளோராக்ஸ், பத்து ஜோடிக் கை. மெயின் சுவிட்சை யாரும் அவசரப்பட்டுப் போடக் கூடாது, வயர்மேன் பார்த்த பிறகுதான். ஐசி, பிறப்புப் பத்திரம் நனைந்து போனவர்களைத் தேசியப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போங்கள்; வெள்ளத்தில் இழந்தவர்களுக்கு மாற்று மைகாட் (அடையாள அட்டை) கட்டணமில்லாமல் கிடைக்கும், ஆனால் அது பல பாட்டிகளுக்குத் தெரியாது, தெரிந்தாலும் பாரம் நிரப்ப வராது. இந்தச் சின்ன வேலையைச் செய்ய மலாய் நன்றாகத் தெரிந்த ஒரு மாணவன் போதும்.

தாதியாக நான் அதிகம் பயப்படுவது அதற்கடுத்து வருவதை. எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரோசிஸ். எலி மூத்திரம் கலந்த தண்ணீரும் சேறும் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போகும். இரண்டு நாளிலும் காய்ச்சல் வரலாம், நான்கு வாரம் கழித்தும் வரலாம். கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. டெங்கி என்றோ வெறும் மழைக்காய்ச்சல் என்றோ நினைத்துப் பனடோல் போட்டுப் படுத்துவிடுவார்கள். ஆரம்பத்தில் வந்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கில் கேட்கும். சிறுநீரகமும் ஈரலும் பழுதான பிறகு வந்தால் ஐ.சி.யூ. தான். வெள்ளச் சேற்றில் நின்றேன் என்ற ஒரு வார்த்தையை டாக்டரிடம் சொன்னால் போதும், அவர் அந்தப் பக்கம் யோசிப்பார். அதைச் சொல்லிக்கொடுங்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளி இதிலும் பிந்துகிறான். நமக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்). அவனுக்குப் பல மடங்கு. ஆவணம் இல்லாத நோயாளி வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2001-இல் வந்த சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வேறு இருக்கிறது. கண் மஞ்சளாகிற வரை லயத்திலேயே கிடப்பான். உங்கள் சபையிடம் கொஞ்சம் பணம் இருந்தால், அரிசி மூட்டையில் பாதியைக் குறைத்துக்கொண்டு, பட்டணத்தில் உள்ள தனியார் கிளினிக் ஒன்றோடு பேசி வைத்து, காய்ச்சல் வந்தவர்களின் செலவைச் சபை கட்டும் என்று ஏற்பாடு செய்யுங்கள். அரிசி கொடுக்க ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். இதைச் செய்ய யாரும் இருக்கமாட்டார்கள். “குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லியும், சரீரத்திற்கு வேண்டியவைகளை அவர்களுக்குக் கொடாவிட்டால் பிரயோஜனமென்ன” என்று யாக்கோபு கேட்டாரே, சரீரத்திற்கு வேண்டியது சில சமயம் சோறு இல்லை, ஒரு பட்டை டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்.

சமையலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சைவமாகச் சமைத்துவிடுங்கள், குருத்வாராவில் செய்கிற மாதிரி. மாட்டிறைச்சிச் சங்கடமும் இல்லை, பன்றியிறைச்சிச் சந்தேகமும் இல்லை. ஆனால் சபைச் சமையலறைப் பாத்திரம் என்றாலே சில முஸ்லிம் குடும்பங்களுக்குத் தயக்கம் இருக்கும். அதில் நாம் மனம் நோக ஒன்றுமில்லை. அவர்களுக்கு, வெள்ளத்தில் வியாபாரம் நின்றுபோன நாசி லெமாக் சோற்றுக் கடை நடத்தும் மலாய் மக் சிக் (அத்தை) யாரிடமாவது ஆர்டர் கொடுங்கள். அவருக்கும் அன்றைய வருமானம்.

போட்டோவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். பேனரைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு பாட்டியை நிறுத்தி, அரிசிப் பையை இரண்டு பேர் ஒன்றாகக் கொடுக்கிற படம் வேண்டாம். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று மத்தேயு 6-இல் இருப்பது நமக்கும் சேர்த்துத்தான். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் ரசீதைப் படம் எடுங்கள், அரிசி மூட்டையைப் படம் எடுங்கள். ஆவணமில்லாத ஒருவனின் முகம் உங்கள் முகநூலில் ஏறினால் அவனுக்கு என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மண்டபத்தைப் பி.பி.எஸ். ஆகத் தரலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: தேவையில்லை. பள்ளிக்கூடம் பெரிது, எல்லோருக்கும் கூச்சமில்லாத பொது இடம். மண்டபத்தைச் சாமான் கிடங்காகவும் சமையல் இடமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும், ஜொகூரில் மார்ச் வரைக்கும் நம்ப முடியாது. செப்டம்பருக்குள் யாரிடம் லோரி, யாரிடம் படகு, யாரிடம் ஜெனரேட்டர், எந்த லயத்தில் எத்தனை கதவு என்று எழுதி முடித்துவிடுங்கள். மாவட்ட அலுவலகத்திலும் பெங்குலு என்ற வட்டாரத் தலைவரிடமும் முன்கூட்டியே போய் முகம் காட்டி வையுங்கள். வெள்ளத்தன்று புதிதாகப் போய் நின்றால் யார் நீங்கள் என்று கேட்கவே நேரம் போய்விடும். முதல் பணத்தை ரப்பர் பூட்ஸுக்கும் கையுறைக்கும் ஒதுக்குங்கள், சுத்தம் செய்யப் போகும் உங்கள் பிள்ளைகளுக்கும் லயத்துத் தொழிலாளிகளுக்கும். பூட்ஸ் வாங்கும்போது 6-லிருந்து 10 வரை அளவு கலந்து வாங்குங்கள். எல்லாவற்றையும் 9-இல் வாங்கினால் பெண்கள் வெறுங்காலோடுதான் சேற்றில் இறங்குவார்கள்.